கோடைப் பள்ளி தோன்றிய கதை

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை ஓர் இரட்டை உணர்வைத் தரும் காலம். ஊருக்குச் செல்லும் மகிழ்ச்சி ஒருபுறம். சென்ற பின் நேரும் ஏமாற்றம் மறுபுறம். வடபுலத்துப் பள்ளிகள் பலவும் மே மாதத்தில் மூடி ஜூன் மாத இறுதியை ஒட்டியே திறக்கின்றன. தமிழகத்திலோ ஜூன் பிறந்தவுடன் பள்ளி திறக்கும் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. இரயிலில் இரண்டு இரவுகளைக் கழித்து நம் பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே, அத்தை மகனும் சித்தப்பா மகளும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். எஞ்சிய பகற்பொழுதில் பாட்டியும் பேரனும் ஒருவரையொருவர் பார்த்தவாறு திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டிக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. பேரனுக்கோ தமிழ் கேட்டால் விளங்கும். பேச நா எழாது.

விடுப்புக் கிடைக்காத ஆண்டுகளில் நிலை இன்னும் கடினம். வெளியே அனற்காற்று வீச, இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பில் பிள்ளைகள் அடைபட்டுக் கிடக்கின்றனர். இந்த ஆறு வாரங்களில் இவர்களை என் செய்வது என்னும் வினா, நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் வினாவாகும்.

இவ்வினா நமக்கு மட்டுமே உரியதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், நம்மைப் போலவே வேற்று மண்ணில் குடியேறிய மக்கள் நிறைந்த ஒரு பெருநகரில் இதே வினா எழுந்தது. அதற்கு ஒரு பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் விடை காண முயன்றார். அம்முயற்சியின் பயனைத் தமிழகத்தில், குறிப்பாக நெல்லைச் சீமையில், வளர்ந்த நம்முள் பலர் கண்டிருக்கிறோம். மே மாதத்தில் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் போன்ற ஊர்களில் ‘விடுமுறை வேதாகமப் பள்ளி’ என்ற பெயரில் நடைபெறுமே, அதுவே அது. காலையில் பாட்டும் கதையும், இடையே ஒரு குவளைப் பானமும் பிஸ்கோத்தும், நிறைவு நாளில் வண்ணக் கொடிகளோடு தெருவில் பவனியும் கலை நிகழ்ச்சியும் இருக்கும். சபையைச் சேராத வீட்டுப் பிள்ளைகளும் பாட்டுக்காகவும் பிஸ்கோத்துக்காகவும் போய் அமர்வதுண்டு. அதனை நம் ஊர்ப் பழக்கங்களுள் ஒன்றாகவே எண்ணி வளர்ந்தோம். அது தோன்றிய இடம் ஒரு மதுக்கூடம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நியூயார்க் நகரின் கோடை

1898-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று ஐந்து பகுதிகள் ஒன்றிணைந்து, இன்று நாம் அறியும் நியூயார்க் பெருநகரம் உருப்பெற்றது. 1900-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி அதன் மக்கள்தொகை 34 இலட்சத்துக்கு மேல். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் அயல்நாட்டில் பிறந்தவர்கள். செருமானியர், அயர்லாந்தினர், இத்தாலியர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர் எனப் பல இனத்தார் தத்தம் மொழியோடும் உணவோடும் தெருத்தெருவாகக் குடியேறியிருந்தனர். 80,000-க்கு மேற்பட்ட அடுக்குக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 23 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவற்றுள் பலவற்றின் உள்ளறைகளுக்குச் சாளரமே இல்லை. வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும் என்று வலியுறுத்தும் குடியிருப்புச் சட்டம் 1901-ஆம் ஆண்டில்தான் வந்தது. டென்மார்க்கிலிருந்து குடியேறிய சேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் ஒளிப்படங்களும் இந்த இருட்டறைகளை உலகுக்குக் காட்டின.

அந்நகரில் கோடை எத்துணைக் கொடியது என்பதை 1896 ஆகஸ்டு மாதம் உணர்த்தியது. பத்து நாள்கள் நீடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 1,300 முதல் 1,500 பேர் வரை மாண்டனர் என மதிப்பிடுவர். அறைக்குள் மூச்சுவிட இயலாதோர் கூரையின் மீதும் படிகளின் மீதும் உறங்கினர். உறக்கத்தில் உருண்டு கீழே விழுந்து உயிர்விட்டோரும் உண்டு. அப்போது நகரக் காவல் வாரியத்தின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஏழை மக்களுக்குப் பனிக்கட்டியை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டின் அதிபரானவர் இவரே.

இத்தகைய கோடையில், பள்ளியும் மூடிவிட்டால் பிள்ளைகள் எங்கே போவர்? தெருவுக்குத்தான். அவர்களுக்கு உதவ எண்ணியோர் சிலர் முன்னரே இருந்தனர். 1877-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் செர்மன் என்னும் சிற்றூரில் போதகராயிருந்த வில்லர்டு பார்சன்ஸ், நியூயார்க் நகரத்து ஏழைச் சிறுவர்களைத் தம் ஊர் மக்களின் வீடுகளில் சில நாள்கள் தங்கச் செய்தார். 1894 முதல் ஏழையர் நலம் பேணும் சங்கம் ஒன்று நகரப் பள்ளிக் கட்டடங்களில் விடுமுறைப் பள்ளிகளை நடத்தியது. பின்னர் நகரக் கல்வி வாரியமே அப்பணியை ஏற்றுக்கொண்டது. அதே 1894-ஆம் ஆண்டில், நெடுந்தொலைவிலுள்ள இல்லினாய் மாநிலத்தின் ஓப்டேல் என்னும் ஊரில், மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மனைவியாரான மைல்ஸ் அம்மையார், ஏறத்தாழ நாற்பது பிள்ளைகளைச் சேர்த்துக் கோடையில் நான்கு வாரம் வேதாகம வகுப்பு நடத்தினார். வாரத்தில் ஒரு நாள் ஞாயிறு பள்ளி மட்டும் போதாது என்பது அவர் எண்ணம். எனவே, கோடைப் பள்ளி என்னும் கருத்து முற்றிலும் ஒருவருக்கே உரியது எனல் பொருந்தாது. ஆயினும் அது ஓர் இயக்கமாக வளர்ந்தது பாப்டிஸ்ட் சபையாரின் கையில்தான்.

ரொட்டிச் சூளையில் ஒரு சபை

பாப்டிஸ்ட் திருச்சபையின் தோற்றத்தை ஈண்டுச் சுருக்கமாகக் காண்பது பயன் தரும். ஏனெனில் அதுவும் புலம்பெயர்ந்தோரின் கதையே. இங்கிலாந்தில் அரசு ஏற்ற திருச்சபையிலிருந்து பிரிந்த சிலர், அடக்குமுறைக்கு அஞ்சி ஆலந்து நாட்டின் ஆம்சுடர்டாம் நகருக்குச் சென்றனர். அங்கு சான் ஸ்மித், தாமஸ் ஹெல்விஸ் ஆகியோரின் தலைமையில் 1609-ஆம் ஆண்டில் முதல் பாப்டிஸ்ட் சபை உருவாயிற்று. பிறந்த குழந்தைக்கு அன்றி, அறிந்து நம்பி ஏற்பவருக்கே திருமுழுக்கு அளித்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்குக் கோயில் இல்லை, கோபுரம் இல்லை. ஆலந்து வணிகர் ஒருவருக்கு உரிமையான ரொட்டிச் சூளைக் கட்டடமே அவர்களுக்கு இருப்பிடமும் வழிபாட்டிடமும் ஆயிற்று.

ஹெல்விஸ் பின்னர்த் தாயகம் திரும்பி, 1612-ஆம் ஆண்டளவில் இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் சபை அமைத்தார். மனச்சான்றின் மீது மன்னருக்கு ஆட்சியில்லை. கிறித்தவரல்லாதார்க்கும் அவ்வுரிமை உண்டு என்று துணிந்து எழுதிய அவர், நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டு உயிர் நீத்தார். நம்பிக்கை என்பது ஒருவர் தாமே தேர்ந்து ஏற்க வேண்டியது என்ற இக்கொள்கை, குழந்தைகளிடையே பணிபுரியும்போது ஒரு தனிப் பொறுப்பையும் தருகிறது. பிறப்பினாலேயே ஒரு பிள்ளை தம்முடையவன் என்று அவர்கள் உரிமை கொண்டாட இயலாது. அவனாக வர வேண்டும். வந்தவன் விரும்பித் தங்க வேண்டும்.

மதுக்கூடத்தில் ஒரு பள்ளி

நியூயார்க் நகரின் எபிபனி பாப்டிஸ்ட் ஆலயத்தில் சிறுவர் பிரிவுக்குப் பொறுப்பாளராயிருந்தவர் எலைசா ஹாஸ் அம்மையார். ஈஸ்ட் சைடு எனப்படும் கிழக்குப் பகுதியின் தெருக்களில் கோடை முழுவதும் ஓடித் திரிந்த குடியேறிகளின் பிள்ளைகளைக் கண்டு அவர் உள்ளம் வருந்தினார். அப்பிள்ளைகள் அவர் ஆலயத்தைச் சேர்ந்தோர் அல்லர். அவர்களுக்காக ஒரு பள்ளி நடத்த எண்ணி இடம் தேடினார். அவர் வாடகைக்கு எடுத்தது, பீர் விற்கும் ஒரு மதுக்கூடம்.

மதுவை அறவே வெறுத்த சபையினரின் நடுவே இது எத்தகைய துணிவு என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1898-ஆம் ஆண்டின் கோடையில் அங்கே ‘அன்றாட வேதாகமப் பள்ளி’ தொடங்கியது. பாட்டு, வேதக் கதை, வசனம் மனப்பாடம் செய்தல், விளையாட்டு, கைவினை, படம் வரைதல், சமையல் முதலியன அதன் பாடங்கள். ஆறு வாரம் அது நடந்தது. இன்று உலகெங்கும் நடைபெறும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் பாடத்திட்டம் ஏறத்தாழ இதுவே. நெல்லைச் சீமையின் கொட்டகைகளில் நாம் கண்டதும் இதுவே.

இக்கதையில் நம் கருத்தை ஈர்ப்பது அடுத்து நிகழ்ந்ததுதான். பள்ளி நன்கு நடப்பதைக் கண்டபின், மதுக்கூடத்தில் ஏன் நடத்த வேண்டும், நம் ஆலயத்திலேயே நடத்தலாமே என்ற எண்ணம் எழுந்தது. இயல்பான எண்ணம்தான். ஆலயம் விசாலமானது, தூய்மையானது, வாடகையும் இல்லை. பள்ளி ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. பிள்ளைகளின் வருகையோ மளமளவெனக் குறைந்தது. ஹாஸ் அம்மையார் மீண்டும் அப்பிள்ளைகள் வாழும் பகுதிக்கே பள்ளியைக் கொண்டுசென்றார்.

அதே ஆசிரியர், அதே பாட்டு, அதே கதை. இடம் ஒன்றுதான் வேறுபட்டது. மதுக்கூடம் அப்பிள்ளைகளின் தெருவில் இருந்தது. அதன் வாயிற்படியை அவர்கள் நாள்தோறும் கடந்தவர்கள். ஆலயம் பிறர் தெருவில் இருந்தது. அங்கே நுழையும்போது, நம் உடை தகுமா, நம் பேச்சு தகுமா என்ற ஐயம் சிறுவர்க்கும் எழுந்திருக்கும். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பெற்ற நமக்கு இதன் நுட்பம் விளங்காததன்று. அழைப்போரின் வசதிக்கு ஏற்ப இடம் அமைத்தல் ஒன்று. வருவோரின் கூச்சத்தை அறிந்து இடம் அமைத்தல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை ஹாஸ் அம்மையார் ஓராண்டிலேயே கண்டுகொண்டார். கண்டபின் தம் முடிவை மாற்றிக்கொள்ள நாணவில்லை.

ஐந்து பள்ளிகளும் ஆயிரம் பிள்ளைகளும்

இம்முயற்சி ராபர்ட் போவில் என்னும் போதகரின் கவனத்தைக் கவர்ந்தது. நியூயார்க் நகரப் பாப்டிஸ்ட் ஊழியச் சங்கத்தில் பொறுப்பு வகித்த அவர், ஏனைய பாப்டிஸ்ட் சபைகளும் இதனை மேற்கொள்ளுமாறு தூண்டினார். 1901-ஆம் ஆண்டின் கோடையில் ஐந்து இடங்களில் பள்ளிகள் நடைபெற்றன. ஆயிரம் அளவில் பிள்ளைகள் சேர்ந்தனர். ஆசிரியப் பணிக்கு யூனியன் இறையியற் கல்லூரி மாணவர்களை அவர் அமர்த்தினார்.

போவில் கண்ட நுட்பம் எளிமையானது. கோடையில் மூன்று பொருள்கள் வீணே கிடக்கின்றன: பூட்டிக் கிடக்கும் ஆலயக் கட்டடம், விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவர், தெருவில் திரியும் பிள்ளைகள். இம்மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் பெருஞ்செலவின்றி ஒரு பள்ளி உண்டாகிவிடும். அலுவலகங்களில் கோப்புகளோடு பழகும் நம்மனோர்க்கு இத்தகைய கணக்கின் அருமை நன்கு தெரியும். கையில் உள்ளதைக் கொண்டே காரியம் முடிப்பதுதான் நெடுநாள் நிலைக்கும். இம்முறை விரைவிலேயே பிற நகரங்களுக்கும் பிற சபைகளுக்கும் பரவியது. 1922-ஆம் ஆண்டில் போவில் இதற்கென ஓர் உலகக் கூட்டமைப்பையே நிறுவினார்.

மொழி என்னும் வினா

இம்முயற்சியின் ஒரு பக்கத்தை மட்டும் பாராட்டி நின்றுவிடுதல் நடுநிலையாகாது. அப்பள்ளிகளை நடத்தியோரின் நோக்கம் விளையாட்டும் கைவினையும் மட்டுமன்று. தம் சமயத்தைக் கற்பித்தலும் அதில் அடங்கும். யூதப் பெற்றோரும் கத்தோலிக்கப் பெற்றோரும் இதனை ஐயத்துடன் நோக்கியிருப்பின் அது இயல்பே. அன்றியும், குடியேறிகளின் பிள்ளைகளை விரைவில் அமெரிக்கர் ஆக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாளைய நலப்பணிகள் பலவற்றிலும் ஊடுருவியிருந்தது. பிள்ளை ஆங்கிலம் கற்றான். வீட்டில் தாய் பேசும் மொழிக்கு நாணினான். இந்த நாணத்தின் வேதனையை அயல்மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை.

அந்நகரிலேயே இதற்கு மாற்று வழி கண்டோரும் இருந்தனர். முன்னரே குடியேறி வளம்பெற்ற யூதர்கள், பின்னர் வந்த தம் இனத்தாருக்காகக் கல்விக் கூட்டணி என்னும் நிறுவனத்தை 1889-ஆம் ஆண்டில் அமைத்தனர். அவர்களும் தொடக்கத்தில் இத்தீசு மொழியை விலக்கி, ஆங்கிலத்தையே வலியுறுத்தினர். ஆனால் 1890-களின் இறுதியில் மசுலியான்ஸ்கி என்னும் சொற்பொழிவாளர் அங்கே இத்தீசு மொழியில் பேசத் தொடங்கியபோது, மக்கள் திரண்டு வந்தனர். தாய்மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர்கள், அதற்கும் உள்ளே ஓர் இருக்கை இட நேர்ந்தது.

பாப்டிஸ்ட் சபையாருள்ளும் இவ்வுண்மையை உணர்ந்தோர் உண்டு. செருமானியக் குடியேறியின் மகனான வால்டர் ரவுஷன்புஷ், 1886 முதல் 1897 வரை நியூயார்க்கின் மேற்குப் பகுதியிலிருந்த இரண்டாம் செருமானிய பாப்டிஸ்ட் சபையின் போதகராகப் பணியாற்றினார். தொழிலாளர் நிறைந்த அச்சபையில் அவர் செருமானிய மொழியிலேயே அருளுரை ஆற்றினார். ஞானப்பாடல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். அங்கே அவர் அடக்கம் செய்த குழந்தைகளின் எண்ணிக்கையே அவர் சிந்தனையை மாற்றியது. வறுமைக்கும் நெருக்கடிக்கும் காரணமான சமுதாய அமைப்பைத் திருத்துவதும் சமயத்தின் கடமையே என்று அவர் கண்டார். 1907-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் அமெரிக்கச் சமயச் சிந்தனையில் ஒரு திருப்பமாயிற்று.

நம் நாட்டுக்கு வந்த பாப்டிஸ்டுகளின் வரலாறும் இதனையே காட்டும். செருப்புத் தைக்கும் தொழிலாளியாயிருந்த வில்லியம் கேரி 1793-ஆம் ஆண்டில் வங்கம் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்லைக்குள் ஊழியம் செய்யத் தடை இருந்தமையால், 1800-ஆம் ஆண்டில் டேனியரின் ஆட்சியிலிருந்த சேராம்பூரில் அவரும் தோழரும் நிலைகொண்டனர். அதே டேனிய ஆட்சியில் இருந்த நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டிலேயே வந்து தமிழ் கற்றதை நாம் அறிவோம். கேரி வந்த இடத்தின் மொழியைத் தாம் கற்றார். தம் மொழியைப் பிறர் கற்கும்வரை காத்திருக்கவில்லை. சேராம்பூர் அச்சகம் பல இந்திய மொழிகளுக்கு எழுத்து வார்த்தது. பப்ரிசியஸ் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் 1813-ஆம் ஆண்டில் அங்கே அச்சாகித் தென்னாட்டுக்கு வந்தது. வங்கத்து ஆற்றங்கரையில் தமிழ் எழுத்துகள் கோக்கப்பட்ட காட்சி, வெளிமாநிலத்தில் மலர் அச்சிடும் நமக்கு ஒரு நிறைவைத் தருவதாகும்.

மிசிசிப்பியின் கோடை

அமெரிக்கக் கறுப்பின மக்களுள் மிகப் பலர் பாப்டிஸ்ட் சபையினர். அவர்களுக்கு ஆலயம் என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று. தமக்கெனச் சொந்தமாய் இருந்த ஒரே கட்டடம் எனலாம். அட்லாண்டா நகரின் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் பதினைந்து வயது மகன், 1944-ஆம் ஆண்டின் கோடையில், கல்லூரிச் செலவுக்குப் பொருள் ஈட்டும் பொருட்டு வடக்கே கனெக்டிகட் மாநிலத்தின் புகையிலைத் தோட்டத்துக்கு வேலைக்குச் சென்றான். விரும்பிய ஆலயத்தில் அமரலாம், விரும்பிய உணவகத்தில் உண்ணலாம் என்பதை முதன்முதலாக அங்கே கண்டு வியந்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். உடன் வேலை செய்த சிறுவர்களுக்கு வழிபாடும் நடத்தினான். சமுதாயத்துக்குத் தொண்டாற்ற வேண்டும் என்ற உந்துதல் அந்தக் கோடையில்தான் எழுந்தது என்று அவர் பின்னர் எழுதினார். அவரே மார்ட்டின் லூதர் கிங். ரவுஷன்புஷ்ஷின் நூல் தம் சிந்தனையில் அழியாத் தடம் பதித்ததாகவும் அவர் கூறியுள்ளார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1964-ஆம் ஆண்டின் கோடையில், மிசிசிப்பி மாநிலத்தில் ‘விடுதலைப் பள்ளிகள்’ தோன்றின. சார்லஸ் காப் என்னும் இளைஞர் முந்திய ஆண்டின் இறுதியில் வகுத்த திட்டம் அது. நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயின்றனர். ஆட்டிஸ்பர்க் நகரில் மவுண்ட் சயான், ட்ரூ லைட் முதலிய பாப்டிஸ்ட் ஆலயங்களே வகுப்பறைகளாயின. எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மாணவர் அங்கே முதல் நாளிலேயே திரண்டனர்.

அவர்கள் கற்றவை யாவை? எழுத்தும் கணக்கும் மட்டுமல்ல. தம் முன்னோரின் வரலாறு, குடிமகனின் உரிமை, நாம் ஏன் இந்நிலையில் உள்ளோம் என்ற வினா ஆகியவற்றையும் கற்றனர். அரசுப் பள்ளியில் அவர்கள் கேட்கக்கூடாத வினாக்களைக் கேட்க இங்கே இடம் இருந்தது. மாணவர்களே செய்தித்தாள்களை எழுதி வெளியிட்டனர்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அந்தக் கோடையில் முப்பதுக்கு மேற்பட்ட ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. விடுதலைப் பள்ளி நடத்த இசைந்த நெசோபா வட்டத்து மெதடிஸ்ட் ஆலயம் ஒன்று ஜூன் மாதத்தில் கொளுத்தப்பட்டது. அதன் இடிபாட்டைக் காணச் சென்ற உரிமை இயக்க இளைஞர் மூவர் ஜூன் 21-ஆம் நாள் இரவில் கொலையுண்டனர். மெக்கூம் என்னும் ஊரில், இயக்கத்தார் தங்கிய இல்லத்தில் வெடி வைக்கப்பட்ட பின், ஆலயத்தார் இடமளிக்க அஞ்சியதால் மாணவர் புல்தரையில் அமர்ந்து பயின்றனர். அச்சத்தால் கதவடைத்த பெரியோரைக் குறித்துப் பதினாறு வயது மாணவி ஒருத்தி கவிதை எழுதினாள். அதனைக் கேட்ட பின் ஊரார் தம் ஆலயக் கதவைத் திறந்தனர்.

1898-ஆம் ஆண்டின் பள்ளியையும் 1964-ஆம் ஆண்டின் பள்ளியையும் அடுத்தடுத்து வைத்துக் காணுதல் தகும். முதலாவது, பிள்ளைகளின் தெருவுக்குச் சென்றது. ஆனால் கற்பித்த பொருள் கற்பித்தோருடையது. இரண்டாவது, பிள்ளைகளின் இடத்தில் பிள்ளைகளின் வரலாற்றையே கற்பித்தது. எங்கே கற்பிப்பது என்பதற்கு முதலாவதும், எதைக் கற்பிப்பது என்பதற்கு இரண்டாவதும் விடை தருகின்றன.

நமது திண்ணை

இனி, இவ்வரலாற்றை நாம் தேடிப் படிக்க நேர்ந்த காரணத்தைக் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எம் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில கூடிக் கோடையில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கினோம். தரைத்தளத்து வீடொன்றின் தாழ்வாரத்தில் பாய் விரித்து, மாலையில் வெயில் தணிந்த பின் நடத்தினோம். பிள்ளைகள் வீட்டு உடையிலேயே வந்தனர். கதை, விடுகதை, பல்லாங்குழி, ஊருக்கு எழுதும் கடிதம் என்று பொழுது போயிற்று. இருபதுக்குக் குறையாமல் பிள்ளைகள் இருந்தனர். அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த பஞ்சாபிச் சிறுமி ஒருத்தியும் அகரம் எழுதப் பழகினாள்.

வகுப்பு வளர்கிறது என்று மகிழ்ந்த நாம், மறு ஆண்டில் அதனை மின்விசிறியும் பலகைகளும் உள்ள ஓர் அரங்குக்கு மாற்றினோம். வருகைப் பதிவேடு வைத்தோம். கோடை முடிவில் தேர்வு என்றும் அறிவித்தோம். அரங்கோ பெருஞ்சாலைக்கு அப்பால் இருந்தது; தாய்மார் கொண்டுவந்து விட்டு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஜூன் முதல் வாரத்தில் பன்னிருவர். இரண்டாம் வாரத்தில் ஏழு பேர். பின்னர் நான்கு பேர். பிள்ளைகளுக்குத் தமிழ்மீது பற்றில்லை என்று நாம் பேசிக்கொண்டோம். பெற்றோருக்கு அக்கறையில்லை என்றும் பேசிக்கொண்டோம். நம்மைப்பற்றி மட்டும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

ஹாஸ் அம்மையாரின் கதையைப் படித்தபோதுதான் உண்மை உறைத்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண்மணி செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட அதே பிழையை நாமும் செய்திருந்தோம். அவர் திருத்திக்கொண்டார், நாம் பிள்ளைகளைக் குறை கூறினோம்.

நம் நோக்கம் வேறு, அவர்கள் நோக்கம் வேறு என்பதை மறத்தலாகாது. அவர்கள் தம் சமயத்தைப் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முனைந்தனர். நாமோ நம் மொழியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முனைகிறோம். ஆயினும் ஒன்றை உற்று நோக்க வேண்டும். இந்த மண்ணில் பிறந்து, வேற்றுமொழியில் விளையாடி, வேற்றுமொழியில் கனவு காணும் பிள்ளைக்குத் தமிழ், பிறப்பினாலேயே சொந்தமாகிவிடுவதில்லை. அவனும் ஒரு வகையில் விருந்தினனே. அந்தப் பழைய பாப்டிஸ்டுகள் திருமுழுக்கைப் பற்றிக் கொண்ட கொள்கை இங்கே மொழிக்கும் பொருந்தும்: அறிந்து விரும்பி ஏற்பதே நிலைக்கும். அவன் விரும்பி வருமாறு செய்தல் நம் பொறுப்பு.

வந்த பின் எதைக் கற்பிப்பது? செய்யுளும் இலக்கணமும் வேண்டுவனவே. அவற்றோடு, தன் தாத்தா எந்த ஆண்டில், எந்த இரயிலில், எந்த வேலைக்காக இந்நகருக்கு வந்தார், முதல் மாதச் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், வாடகைக்கு வீடு தேடி எத்தனை வாயிலில் நின்றார் என்னும் வரலாற்றையும் அவன் தமிழில் கேட்டறிய வேண்டும். மிசிசிப்பியின் மாணவர் தம் முன்னோரைக் கேட்டறிந்ததுபோல, நம் பிள்ளைகளும் கேட்கட்டும். கேட்பதற்குத் தமிழ் தேவைப்படும்போது தமிழ் தானே வரும்.

சென்ற கோடையில் வகுப்பை மீண்டும் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்தோம். பதிவேட்டை விட்டுவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒருமுறை தன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கைபேசியில் ஒரு கேள்வி கேட்டு, விடையைத் தமிழில் எழுதிக் கொணர வேண்டும் என்பது மட்டுமே பாடம். முதல் வாரத்தில் ஒன்பது பிள்ளைகள் வந்தனர். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், பாட்டி பள்ளிக்குச் சென்றதுண்டா என்று கேட்டிருந்தான். மூன்றாம் வகுப்போடு தன்னை நிறுத்திவிட்டதாகவும், தம்பியைத் தூக்கி வளர்க்க வீட்டில் ஆள் இல்லை என்றும் அப்பாட்டி கூறியிருக்கிறார். அதனை அவன் எழுத்துப் பிழைகளோடு ஒரு பக்கம் எழுதியிருந்தான். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, “இது எனக்கு இதுவரை தெரியாது” என்று தமிழில் கூறினான்.

அவன் தந்தைக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தாழ்வாரத்தில் இன்னும் சில பாய்களுக்கு இடம் இருக்கிறது.